கேமராவுக்குப் பொட்டு வைக்கும் இடம்

பழைய ஃபிலிம் கேமரா வாங்க வருகிறவர் முதலில் அதைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். விற்கிற நீங்கள் முதலில் அதைத் திருப்பி, அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இப்போது தலையாட்டிவிட்டு, கடையில் கூட்டம் வந்ததும் மறந்துவிடுவீர்கள். அந்தப் பயத்தில்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நான் கோவையில் கேமரா பழுதுபார்த்தே வயதானவன். ஸ்டுடியோக்காரர்களின் பெரிய கேமராக்களைவிட, வீட்டுக்காரர்கள் பையில் போட்டு எடுத்துவரும் சின்ன கேமராக்கள்தான் என் மேசைக்கு அதிகம் வந்தன. குறிபார்த்து அமுக்கினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்ற கேமராக்கள். அதுவே பார்த்துக்கொள்ளாத நாட்களில் என்னிடம் வந்தன. பிறகு டிஜிட்டல் வந்தது, போன் வந்தது, நான் துடியலூரில் வீட்டோடு இருந்துவிட்டேன். இப்போது உங்கள் வயதுக்காரர்கள் அதே கேமராக்களைத் தேடிப் பிடித்து விற்கிறார்கள். அப்படி ஒரு கடையைக் காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடத்துகிற கௌதம் என்னைக் கூப்பிட்டதால், சில மதியங்களில் அங்கே போய் உட்கார்ந்து வருகிற கேமராக்களைச் சோதித்துக் கொடுக்கிறேன்.

திருகாணிகளை எண்ணிக் கழற்றி, எண்ணி மாட்டிய பழக்கம் என்னை விடவில்லை. எதையும் எண்ணுவேன். "சார் டீ குடிச்சா எத்தனை மடக்குன்னு கேளுங்க, டக்குனு சொல்லுவாரு" என்று வாடிக்கையாளர்களிடம் கௌதம் கேலி செய்வான். ஒன்பது மடக்கு. கேட்டதால் சொல்கிறேன்.

மைதிலி என்ற பெண் புரட்டாசி தொடக்கத்தில் கடைக்கு வந்தாள். ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில் வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தாள். முதல் வேலை கிடைத்திருந்தது. ஐப்பசியில் உடுமலைப்பேட்டையில் அவளுடைய கல்லூரித் தோழிக்குக் கல்யாணம். தேங்காய் வியாபாரக் குடும்பம். பெரிய வீடியோ குழு ஒன்று தனியாக வருகிறது. ஆனால் சீர் நடக்கும்போது பெண்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அந்தக் குழு நுழைய முடியாது. அங்கே மைதிலி சின்ன ஃபிலிம் கேமராவோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை.

"இது சரியா வந்தாத்தானுங்க சார் அடுத்தது. அப்பா சொல்லிப்போட்டாரு. இந்த ஒரு கல்யாணம் பாரு, படம் சொதப்புச்சுன்னா பேசாம மில்லு ஆபீசுக்கே போயிரோணும்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனில் எடுத்தால் அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஃபிலிமில் என்ன விழுந்தது என்பது கழுவி வந்தால்தான் தெரியும். அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடு போய்த் திரும்பியிருப்பார்கள். தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

கௌதம் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தான். முதலாவது, இணையத்தில் எல்லோரும் பெயர் சொல்லித் தேடுகிற உலோக உடம்புக்காரன். கையில் எடுத்தாலே கௌரவம். இரண்டாவது, லென்ஸ் நீண்டு வெளியே வரும் ஜூம் கேமரா. மூன்றாவது, பெயர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்காத கறுப்பு பிளாஸ்டிக் கேமரா. மைதிலியின் கை நேராக முதலாவதுக்குப் போனது. எல்லோருடைய கையும் அங்கேதான் போகும்.

நான் பயந்துபயந்து ஒவ்வொன்றைப் பற்றியும் சொன்னேன். உலோகக்காரன் நல்ல கேமராதான், ஆனால் உள்ளே இருக்கும் மின்பலகை ஒருநாள் சொல்லாமல் உயிரை விடும், அன்றைக்கு நானும் ஒன்றும் செய்ய முடியாது. ஜூம் கேமராவில் ஃபிளாஷ் எட்டாது, மண்டப வெளிச்சத்தில் முகங்கள் மங்கும். கறுப்பு பிளாஸ்டிக்குக்கு லென்ஸ் வெளியே நீளாது, ஜூம் கிடையாது, ஆனால் கூர்மையானது. சாதாரணப் பென்சில் பேட்டரி போதும். "முகூர்த்த வேளையில பேட்டரி தீந்துபோச்சுன்னா உடுமலைப்பேட்டையில எந்தப் பொட்டிக்கடையிலயும் கிடைக்கும், அதை நெனச்சுக்க அம்மணி" என்றேன்.

கௌதம் முகத்தைச் சுளித்தான். "சார், நீங்க கேமரா விக்கறீங்களா, இன்சூரன்ஸ் விக்கறீங்களா?"

மைதிலி கறுப்பு கேமராவை எடுத்துக்கொண்டாள். நான் சோதித்து, இரண்டு தடவை சோதித்து, கொடுத்தேன். ஒரு ரோல் போட்டு வீட்டில் எடுத்துப் பழகிவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே கழுவிப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த இடத்தில் ஒன்று. நான் வேலை கற்ற கடையில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். கேமரா வந்த அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "வண்டியில குலுங்கி வந்திருக்குதுங்க. இன்னைக்கு அது பேசாது. நாளைக்கு வாங்க" என்று வாடிக்கையாளரை அனுப்பிவிடுவார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. பிறகு புரிந்தது, அவர் அந்த ஒரு நாளை வாங்கியது தனக்காக. கேமராவைப் பார்த்தவுடன் மனத்தில் தோன்றும் முதல் முடிவைத் தணிய விடுவதற்காக. நானும் பிற்பாடு அப்படியே செய்து பழகினேன். ஆனால் மைதிலி திரும்பி வந்த நாளில் எனக்கு அந்த 'நாளைக்கு' என்பது இல்லை. கல்யாணம் நாளை மறுநாள் என்ற நிலையில் வந்தாள். கூடவே அவளுடைய அப்பாவும் வந்தார்.

அப்பாவின் பெயர் துரைசாமி. துடியலூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. கையில் எண்ணெய்க் கறுப்பு ஏறிய மனிதர். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"ஏனுங்க, இதையா நல்ல சாமான்னு குடுத்தீங்க? புள்ள சொன்னா நான் நம்புனேன். லேத்தே ஆனாலும் பழசு வாங்கறவன் அடியில இருக்கற இரும்பு பெட்டைத் தடவிப் பாத்துத்தான் வாங்குவான். இவ பொட்டியைப் பாத்து வாங்கிப்போட்டா."

மைதிலி போனை நீட்டினாள். பூஜை விடுமுறையால் ஃபிலிம் கழுவி வரத் தாமதமாகியிருக்கிறது. காலையில்தான் படங்கள் போனுக்கு வந்திருந்தன. பாதிக்கு மேல் எல்லாம் மங்கல்.

கௌதமுக்கு முகம் சிவந்துவிட்டது. அலமாரியைத் திறந்து அந்த உலோகக்காரனை எடுத்து மேசையில் வைத்தான். "இதை எடுத்துட்டுப் போங்க. அதைத் திருப்பி வாங்கிக்கறேன். பேச்சே வேண்டாம்."

அவன் செய்தது நியாயம்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன கெட்டது என்று தெரியாமல் ஒரு கேமராவை மாற்றினால், அடுத்ததிலும் அதே நடக்காது என்பதற்கு என்ன உறுதி? போனை வாங்கிப் படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வழக்கம்போல எண்ணிக்கொண்டே.

பதினான்கு படங்கள் கத்தி மாதிரி இருந்தன. அம்மா முறுக்குப் பிழிவது, பக்கத்து வீட்டுக் குழந்தை, மொபெட்டில் அப்பா. பதினைந்தாவதில் மங்கல் தொடங்கியது. அதன்பிறகு ஒன்றுகூடத் தெளிவில்லை என்று முதலில் நினைத்தேன். மறுபடி பார்த்தேன். ஒரு படத்தில் அப்பாவின் முகம் கரைந்துபோயிருந்தது, ஆனால் அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படிகளை எண்ண முடிந்தது. இன்னொன்றில் சித்தி மங்கல், தெருக்கோடியில் கரண்ட் கம்பம் பளிச்சென்று இருந்தது. கேமரா பார்க்கிறது. கிட்டே நிற்பவர்களைத்தான் பார்க்கவில்லை.

"பதினஞ்சாவது படம் எப்ப எடுத்தது கண்ணு?"

மைதிலி எட்டிப் பார்த்தாள். "அதுங்களா சார், ஆயுத பூஜை அன்னிக்குங்க. அப்பா சாமான் எல்லாம் வரிசையா வெச்சு..."

படத்தைப் பெரிதாக்கினேன். மங்கலாக இருந்தாலும் தெரிந்தது. பலகையின் மேல் வெர்னியர், மைக்ராமீட்டர் என்ற அளவுக் கருவிகள், ஸ்பேனர்கள், எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே வைத்திருந்ததை எடுத்துத்தானே இந்தப் படத்தை எடுத்திருக்கிறாள்.

கேமராவைத் திருப்பினேன். இந்த வகைக் கேமராவுக்கு லென்ஸ் மூக்கு மாதிரி நடுவில் இருக்கும். அதற்கு நேர் மேலே ஒரு கறுப்புச் சட்டம், அதில் சின்னச் சின்ன ஜன்னல்கள். பார்க்க நெற்றி மாதிரியே இருக்கும். ஒரு ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, இன்னொன்றின் வழியாக அது திரும்பி வருவதைப் பார்த்து, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கேமரா கணக்கிடும். ஒளி திரும்பாவிட்டால், கிட்டே யாரும் இல்லை, எல்லாம் தொலைவில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். கேமராவுக்குப் பொட்டு வைக்க நினைக்கிற யாருக்கும் அந்த நெற்றியைத் தவிர வேறு இடம் தோன்றாது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜன்னலின் மேல் துடைத்துத் தேய்த்த வெள்ளைப் படலம். ஓரத்துப் பள்ளத்தில் ஒரு சிவப்புத் துணுக்கு.

அப்போது எனக்கு வந்த பயம் கேமராவைப் பற்றியதே இல்லை. எதிரே நிற்கிற மனிதர் மகளிடம் ஒரே ஒரு கல்யாணம் என்று கெடு வைத்தவர். அப்படிப்பட்டவர் தன் மைக்ராமீட்டருக்குப் பக்கத்தில் அவளுடைய கேமராவை வைத்திருக்கிறார். யாரும் சொல்லாமல் வைத்திருக்கிறார். அதுதான் படங்களைக் கெடுத்தது என்று அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? தூசி என்று சொல்லிவிடலாம். துடைத்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் வருத்தமில்லை. நாக்கு நுனிவரை அந்தத் தூசி வந்துவிட்டது.

"என்னுங்க பாத்துட்டே இருக்கறீங்க? என்ன கெட்டுப்போச்சு?" என்றார் துரைசாமி.

அந்தக் கேள்வி வந்தபிறகுதான் இன்னொன்று உறைத்தது. தூசி என்று இன்று சொன்னால், நாளை மறுநாள் விடிகாலை, மகள் முதல் வேலைக்குக் கிளம்பும்போது, இவர் என்ன செய்வார்? சந்தனத்தைக் குழைத்து, அதே நெற்றியில், அதே இடத்தில் வைப்பார். நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதான் வைப்பார்.

"ஏனுங்க, ஆயுத பூஜைக்கு மைக்ராமீட்டருக்குப் பொட்டு எங்கீங்க வெப்பீங்க?" என்று கேட்டேன்.

கேமராவைப் பற்றிக் கேட்டால் இந்த ஆள் என்ன உளறுகிறான் என்பது போலப் பார்த்தார். "ஃபிரேம்லதானுங்க. வேறெங்க வெப்பாங்க? அளக்கற முகத்துல வெச்சா அளவு தப்பிப்போயிருமல்ல? அங்கெல்லாம் விரலே படக்கூடாது. புதுசா வர்ற பசங்களுக்கு நாந்தான் அதைச் சொல்லிக்..."

நிறுத்திவிட்டார். என் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார். மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து, பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார்.

"இதுக்கு அளக்கற முகம் இதுங்களா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியலீங்களே." குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடி இதுதான்னு, லென்சுல படாம வெச்சேனுங்க. பாத்துத்தான் வெச்சேன்."

மைதிலி முன்னால் வந்தாள். "நானும் பாத்தேனுங்கப்பா. லென்சுல இல்லியேன்னு உட்டுட்டேன். அதோடவே மிச்ச ரோல் பூராத்தையும் எடுத்தேன். அப்பறந்தான் ஈரத்துணில தொடச்சேன்."

"பாத்தயல்ல, அப்பவே தொடைக்கறதுக்கு என்ன? பொழப்பு சாமானம் அது!"

"நீங்க வெச்சதுங்கப்பா."

அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். கௌதம் உலோகக்காரனை எடுத்து எதற்கோ துடைத்துக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் பஞ்சில் வெறும் தண்ணீர் தொட்டு, சுத்தம் செய்யத் தொடங்கினேன். ஸ்பிரிட் பட்டால் அந்த ஜன்னல் பிளாஸ்டிக் நிரந்தரமாக வெளுத்துவிடும். பஞ்சை அழுத்தினால் கேமரா மேசையில் நழுவியது. துரைசாமி கேமராவின் இரண்டு பக்கத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டார். பட்டறை வைஸில் வைத்து இறுக்கியது மாதிரி நின்றது.

சுத்தம் செய்தபின் சோதிக்க வேண்டும். ஃபிலிம் கழுவிப் பார்க்க அவகாசம் இல்லை. ஆனால் இந்தக் கேமராவில் பட்டனை அமுக்கும்போது லென்ஸ் மெல்ல முன்னால் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கிட்டே ஆள் நின்றால் அதிகம் நகரும், தூரத்தைக் குறிபார்த்தால் குறைவாக நகரும். துரைசாமியை எதிரே நிற்க வைத்தேன். அமுக்கினேன். நகர்ந்தது. ஜன்னல் வழியாக மேம்பாலத்தைக் குறிபார்த்து அமுக்கினேன். கொஞ்சம்தான் நகர்ந்தது. கிட்டே, தூரம், கிட்டே, தூரம் என்று மாற்றிமாற்றி. துரைசாமி ஒவ்வொரு தடவையும் கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்றார். "அப்பா, ஃபிலிமே இல்லீங்க" என்று மைதிலி சொன்ன பிறகும் அப்படியேதான் நின்றார்.

இருபது தடவையும் சரி. எனக்கு இருபத்தொன்றாவதைப் பற்றிப் பயம்.

இப்போது மேசைமேல் இரண்டு கேமராக்கள். கௌதம் சொன்னான், "மேடம், ரெண்டு நாள் வாடகை கூட வேண்டாம். பெரிய வேலை. இந்த உலோகக் கேமராவை எடுத்துட்டுப் போங்க. ரிஸ்க் எதுக்கு?"

மைதிலி என்னைப் பார்த்தாள். "நீங்களா இருந்தா எதுங்க சார்?"

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. ஒன்று, கெட்டுச் சரியானது. மற்றது, கெடாதது, ஆனால் அவள் கை படாதது. ஒன்றைச் சொல்லி அது தவறினால், அந்தக் கல்யாணம் என் தலையில். இன்னொன்றைச் சொன்னாலும் அப்படியே. நான் பேசாமல் இருந்தது பக்குவத்தினால் இல்லை, பயத்தினால்.

அவளே கறுப்பு கேமராவை எடுத்தாள். "இது எதனால கெட்டுதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார். அது எதனால கெடும்னு யாருக்குந் தெரியாது. நான் இதையே எடுத்துட்டுப் போறேன்."

நாற்பது வருஷம் மேசையில் உட்கார்ந்து எனக்குச் சொல்ல வராததை அவள் சொல்லிவிட்டாள். ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. மற்றதையும் பையில் போட்டுக்கொள், எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்காக, என்று கெஞ்சிப் போடவைத்தேன்.

கிளம்பும்போது துரைசாமி வாசலில் நின்று திரும்பினார். "ஏனுங்க அண்ணா, இதுக்குப் பொட்டே வெக்கக் கூடாதுங்களா?"

கேமராவை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். அடிப்பாகத்தில், ஸ்டாண்டு மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில், வெறும் பிளாஸ்டிக். அங்கே ஜன்னல் எதுவும் இல்லை. "இங்க எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கங்க."

அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கல்யாணம் நடந்தது. ஃபிலிம் கழுவப் போனது. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுதப் போவதில்லை. போன் அடித்தால் எடுக்கவே கை வராது. மைதிலி ஒரு மதியம் கடைக்கு வந்தாள். உலோகக்காரன் ஃபிலிமே போடாமல் திரும்பி வந்திருந்தான். இரண்டு ரோல், எழுபத்திரண்டு படம். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மணப்பெண்ணின் தாய் கூட்டத்தின் நடுவில் யாரும் பார்க்காத நொடியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற படம் ஒன்று இருந்தது. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. மூன்று படங்கள் மங்கல். மூன்றும் மிகக் கிட்டே போய் எடுத்தவை. இந்த வகைக் கேமரா எதனாலும் அவ்வளவு கிட்டே முடியாது. இருந்தாலும் அந்த மூன்றையும் நான் மூன்று தடவை பார்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வாங்க வருகிறவரிடம் லென்ஸின் பெருமையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அந்தக் கேமரா போய்ச் சேரப்போகிற வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, பீரோவில் பூட்டி வைப்பார்களா, பேட்டரியை உள்ளேயே விட்டுவிடுவார்களா, பூஜையில் வைப்பார்களா. நம் ஊரில் வைப்பார்கள். வைக்காதீர்கள் என்று சொல்லாதீர்கள், கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். எங்கே வைக்கலாம் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். பெட்டியில் போட்டுக் கொடுப்பதற்கு முன்பு, ஒவ்வொருவருக்கும்.

அன்றைக்கு மைதிலி கிளம்புவதற்கு முன், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கேமராவைக் கேட்டு வாங்கினேன். நெற்றி சுத்தமாக இருந்தது. ஜன்னல்கள் தெளிவாக இருந்தன. பேட்டரி மூடியைப் பார்க்கத் தலைகீழாகத் திருப்பினேன். ஸ்டாண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டு, அதைச் சுற்றிச் சந்தனம். காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது, கல்யாணத்துக்கு வைத்தது. அதற்கு ஒட்டினாற்போல் இன்னொன்று, இன்னும் ஈரம் முழுதாகக் காயாதது.

"ரெண்டு இருக்குதே அம்மணி?"

"நாளைக்குச் சென்னிமலையில ஒரு கல்யாணமுங்க சார்" என்றாள். "அப்பா காத்தால வேலைக்குப் போறப்பவே வெச்சுட்டுப் போயிட்டாரு."